ஆணி டயரும் கொடைக்கானல் குளிரும்

ஜனவரி 7, இரவு, வத்தலக்குண்டு

நாளைக் காலை நானும் என் சித்தப்பா மகனும் ஆளுக்கொரு சைக்கிளோடு கொடைக்கானல் போகிறோம். வத்தலக்குண்டுக்காரன் கொடைக்கானல் போவதெல்லாம் ஒரு பயணமா, அதற்கு ஒரு கட்டுரையா என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். உறைந்த தண்ணீர் மேல் ஒரு தடவையாவது சைக்கிள் ஓட்டிப் பார்க்க வேண்டும். நாற்பத்தாறு வயதில் வந்த ஆசை.

கிளப்பிவிட்டவன் அந்தச் சித்தப்பா மகன், என் தம்பிதான். அவன் இருப்பது அமெரிக்காவில் மினசோட்டா. அங்கே வண்டி நம்பர் பிளேட்டிலேயே 'பத்தாயிரம் ஏரிகள்' என்று போட்டிருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வீடியோ அனுப்பினான். கண்ணுக்கு எட்டிய மட்டும் வெள்ளை, நடுவில் இவன் குரங்குக் குல்லாயும் தடித்த டயர் சைக்கிளுமாக வருகிறான். "என்ன மைதானம்டா இது, ஒரு கோடு கூடப் போடல?" என்று கேட்டேன். "மைதானம் இல்லண்ணே, ஏரி. எனக்குக் கீழ இருபதடி தண்ணி இருக்கு" என்றான். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

எனக்குச் சின்னதாக ஒரு சைக்கிள் கடை. அப்பா காலத்தில் மணிக்கணக்கு வாடகை சைக்கிள், இப்போது பெரும்பாலும் கியர் வண்டி ரிப்பேர். அதனால் முதலில் டயரைப் பற்றித்தான் விசாரித்தேன். வழுவழு ஐஸில் சாதா டயர் ஒரு கஜம் கூடப் போகாதாம். டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த குட்டி ஆணிகளை ஒரு டயருக்கு இருநூறு, முந்நூறு என்று பதித்து ஜெர்மனியின் ஷ்வால்பே மாதிரிக் கம்பெனிகள் விற்கின்றன. அந்த ஜோடி டயர் விலைக்கு என் கடையில் ஒரு புது சைக்கிளே வாங்கிவிடலாம். ஏரி மேல் பனி கொட்டிக் கிடந்தால் ஆணி அவ்வளவாகத் தேவையில்லை, நாலைந்து இஞ்ச் அகல டயரில் காற்றை நன்றாக இறக்கிவிட்டு, கையால் அமுக்கினால் பொத்தென்று உள்வாங்குகிற அளவுக்கு வைத்து ஓட்டுவார்கள். நமக்குக் கொடைக்கானலில் பனி கொட்டப் போவதில்லை. எனவே ஆணி.

கம்பெனி டயர் வாங்க முடியாதவர்கள் அங்கேயும் சொந்தமாகச் செய்துகொள்வார்களாம். அது போதுமே எனக்கு. பழைய 26 இஞ்ச் பட்டன் டயர் (மேலே ரப்பர் குமிழ் குமிழாக இருக்கும்) இரண்டை எடுத்து, ஒவ்வொரு பட்டனிலும் ஓட்டை போட்டு, உள்ளேயிருந்து அரை இஞ்ச் ஸ்க்ரூவை முறுக்கினேன், தலை உள்ளே, முனை வெளியே. ஸ்க்ரூ தலை ட்யூபைக் கடிக்காமல் இருக்க, பழைய ட்யூபை நீளவாக்கில் வெட்டிப் பட்டையாக உள்ளே ஒட்டினேன். முன் டயருக்கு 140 ஸ்க்ரூ. பின் டயரில் 96 முறுக்கும்போதே பெட்டி தீர்ந்துவிட்டது. ட்யூப் பட்டையும் பின் டயருக்கு இரண்டு விரற்கடை போதவில்லை, வால்வ் பக்கத்தில் கொஞ்சம் இடைவெளி விழுந்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். முன் சக்கரம் வழுக்கினால் ஆள் தரையில், பின் சக்கரம் வழுக்கினால் எப்படியும் சமாளித்துக்கொள்ளலாம்.

பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் கிடைக்கவில்லை, இவர் டயருக்கு ஆணி அடித்துக்கொண்டிருக்கிறார் என்று வீட்டில் ஒரே பேச்சு.

ஜனவரி 8, முதல் நாள்

வத்தலக்குண்டிலிருந்து மிதித்தே ஏறுவதாகத்தான் திட்டம். ஐம்பத்தைந்து கிலோமீட்டர், 1,700 மீட்டருக்கு மேல் ஏற்றம். காலையில் என் முழங்கால் வேறு திட்டம் வைத்திருந்தது. நல்லவேளை, காய்கறி இறக்கிவிட்டுக் காலியாக மலைக்குத் திரும்பும் குட்டியானை ஒன்று கிடைத்தது. பின்னால் கேரட் மண் வாசனையோடு சைக்கிள்கள், அவற்றுக்கு நடுவில் நாங்கள். டம் டம் பாறையில் நிறுத்தி எலிவால் அருவியைப் பார்த்தோம். 297 மீட்டர் உயரத்திலிருந்து நூலாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தது. தம்பி பத்து போட்டோ எடுத்தான். உள்ளூர்க்காரன் வெளியூர்க்காரனாகிவிட்டால் இப்படித்தான்.

பெருமாள்மலையில் இறங்கிக் கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டர் மட்டும் மிதித்தோம், கௌரவத்துக்கு. ஸ்க்ரூ டயரைத் தார் ரோட்டில் ஓட்டினால் முனை மழுங்கிவிடும் என்பதால் சாதா டயரைப் போட்டுக்கொண்டு, ஆணி டயர்கள் இரண்டையும் நான் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டேன். முள் மாலை போட்ட சாமியார் மாதிரி இருந்திருப்பேன். வெள்ளி அருவிப் பக்கம் டீக்கடைக்காரர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "என்ன சார் இது, சேத்து உழவுக்கா?" என்றார். ஐஸ் மேல் ஓட்ட என்று சொன்னேன். இன்னொரு கிளாஸில் டீயை ஊற்றி என்னிடம் நீட்டினார், காசு வேண்டாமென்றும் சொல்லிவிட்டார். பரிதாபப்பட்டாரா, பயந்துவிட்டாரா தெரியவில்லை.

2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகள் மேலே வர இ-பாஸ் வேண்டும். சைக்கிளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

நாயுடுபுரத்தில் தெரிந்தவர் வீட்டு மாடி அறை. ராத்திரி ஒன்பது மணிக்கு வெளியே பார்த்தால் வானம் முழுக்க மேகம். தம்பி உதட்டைப் பிதுக்கினான். "மேகம் கம்பளி மாதிரிண்ணே. தரையிலேருந்து போற சூட்டைப் போக விடாது. நாளைக்கு ஒண்ணும் தேறாது."

ஜனவரி 9, இரண்டாம் நாள்

ஒன்றும் தேறவில்லை. ஐந்தரை மணிக்கு ஏரிக்கரை, குளிர் இருக்கிறது, புல்லெல்லாம் வெறும் ஈரம். ஏரியிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது, இட்லிப் பானையைத் திறந்த மாதிரி. வாடகை சைக்கிள்காரர்கள் இன்னும் வரவில்லை. இரண்டு ஆள் சேர்ந்து மிதிக்கும் சைக்கிள்கள் சங்கிலியில் கட்டுண்டு நின்றன.

இந்த ஏரியைச் சுற்றி நான் எத்தனை தடவை ஓட்டியிருப்பேன்! பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஒருதரம், கல்யாணமான புதிதில் ஒருதரம் (பின்னால் உட்கார்ந்திருந்தவர் இன்று வரைக்கும் அந்த ஏற்றத்தைப் பற்றிக் குறை சொல்வார்), பிள்ளைகளோடு ஏழெட்டுத் தடவை. 1863-இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஓடைகளை மறித்துக் கட்டிய ஏரி. அறுபது ஏக்கர், சுற்றி வந்தால் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். கரை நீளமாக ஐந்து விரல் நீட்டியது போல் வளைந்து வளைந்து போவதால் எதிர்க்கரை கிட்டத்தில் தெரியும், ஆனால் போய்ச் சேரக் கால் மணி ஆகும். குறுக்கே போனால் இரண்டு நிமிஷம்தான் என்று சின்ன வயதில் நினைத்ததுண்டு. தம்பியின் வீடியோ என்னை ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டது என்று இன்றைக்குத்தான் பிடிபட்டது.

"இது உறையவே உறையாதாடா?" என்றேன்.

மிதித்துக்கொண்டே சொன்னான். தண்ணீர் நாலு டிகிரியில்தான் அதிகக் கனம். மேல்தண்ணீர் குளிர்ந்ததும் கனத்துக் கீழே போய்விடும், கீழே இருக்கிற வெதுவெதுப்பு மேலே வரும், அதுவும் குளிர்ந்து கீழே போகும். ஏரி முழுக்க நாலு டிகிரிக்கு வந்த பிறகுதான் மேலே இருக்கும் தண்ணீர் மேலேயே நின்று உறையத் தொடங்கும். அதற்கு நாள்கணக்கில், வாரக்கணக்கில் பகலிலும் குளிர வேண்டும். நமக்கு ஒன்பது மணிக்கே வெயில் வந்து முதுகில் தட்டிவிடுகிறது. ஆவி கிளம்புகிறதே, அதுவே ஏரி இன்னும் காற்றைவிடச் சூடாக இருக்கிறது என்பதற்கு அடையாளம்.

அப்புறம் ஏரி உறைந்தால் எப்படி ஓட்டுவது என்ற பாடம், உறையாத ஏரியைச் சுற்றிக்கொண்டே. நாலு இஞ்ச் தெளிந்த ஐஸ் இருந்தால் ஆள் நடக்கலாம், சைக்கிள் போகலாம். சின்ன கார் போக 9, 10 இஞ்ச் வேண்டும். தெளிந்த ஐஸைக் கறுப்பு ஐஸ் என்பார்கள், கீழே இருட்டாகத் தண்ணீர் தெரிவதால். பனி கலந்து வெள்ளையாக உறைந்திருந்தால் பலம் பாதிதான், இரண்டு மடங்கு கனம் வேண்டும். ஒரே ஏரியில் இந்தப் பக்கம் ஒரு அடியும் நூறு கஜம் தள்ளி இரண்டு இஞ்சும் இருக்கலாம் என்பதால் சீசன் ஆரம்பத்தில் கடப்பாரை மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டு, குத்திக் குத்திப் பார்த்துத்தான் நடப்பார்களாம். இதைக் கேட்டதும் எனக்கு அந்த ஊர் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

ஓடை வந்து சேரும் மூலையைக் காட்டி, "நம்ம ஏரி உறைஞ்சாக்கூட இந்தப் பக்கம் நான் வர மாட்டேன்ணே, ஓடுற தண்ணி ஐஸை அடியில அரிச்சிடும்" என்றான். வெடிப்பு குறுக்கிட்டால் ரயில்வே கேட்டில் தண்டவாளத்தைக் கடப்பது போல நேர்க்குறுக்காகப் போக வேண்டும், சாய்ந்து போனால் சக்கரம் உள்ளே போய்விடும். திடீரென்று ஹேண்டிலைத் திருப்பக் கூடாது, முன் பிரேக்கைத் தொடவே கூடாது. கழுத்தில் கயிறு கட்டி இரண்டு கைப்பிடி ஆணிகள் தொங்கவிட்டிருப்பார்கள். உள்ளே விழுந்தால் வந்த திசைக்கே திரும்பி, ஏனென்றால் அதுவரைக்கும் தாங்கிய ஐஸ் அதுதான், ஆணிகளைக் குத்திக் காலை உதைத்து மேலே ஏறி, எழுந்து நிற்காமல் உருண்டே வர வேண்டும்.

"நீ விழுந்திருக்கியா?"

"இல்ல. அம்மாகிட்ட இதெல்லாம் சொல்லிடாதீங்க."

மூன்றாவது சுற்றில் ஒரு வளைவு திரும்பினால் நடு ரோட்டில் காட்டுமாடு. ஒற்றை ஆண், திமில் என் தலைக்கு மேல். முன் பிரேக்கைத் தொடவே கூடாது என்று பத்து நிமிஷம் வகுப்பு எடுத்தவன் இரண்டு பிரேக்கையும் பிடித்து, ஈரத் தாரில் சறுக்கி, என் வண்டியில் வந்து சாய்ந்தான். அது எங்களைப் பார்த்தது, ஒருவருடைய கேட்டுப் பக்கம் போய்ச் செடியை மேய்ந்தது. கொடைக்கானலில் இப்போது இதெல்லாம் தெருநாய் கணக்கு. ஆனாலும் இருட்டில் சைக்கிளில் போகிறவர்கள் நல்ல லைட் போட்டுக்கொள்ளுங்கள், மணி அடிக்காதீர்கள், தூரத்திலேயே நின்றுவிடுங்கள்.

ராத்திரி பேசிக்கொண்டிருந்தபோது சென்னை ஐஸ் ஹவுஸ் ஞாபகம் வந்தது. இன்றைக்கு விவேகானந்தர் இல்லமாக இருக்கிற கட்டடம். ஃபிரெடரிக் டூடர் என்ற வியாபாரி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஏரிகளில் ஐஸை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பல் ஏற்றி 1833-இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். அப்புறம் 1842-இல் மெரினாவில் இந்தக் கிடங்கு. நாலு மாசம் கடலில் வந்தும் மிச்சம் இருந்திருக்கிறது. "அப்ப உறைஞ்ச ஏரி மேல நாம போகலன்னாலும் அது நம்மூருக்கு வந்திருக்கு" என்றேன். தம்பி அதற்குள் குறட்டை விட்டுவிட்டான்.

ஜனவரி 10, மூன்றாம் நாள்

நள்ளிரவில் எழுந்து பார்த்தேன், வானத்தில் அரிசி கொட்டிய மாதிரி நட்சத்திரம். காற்று அசைவே இல்லை. நாலரைக்குத் தம்பியை உதைத்து எழுப்பினேன்.

ஜிம்கானா பள்ளம் முழுக்க வெள்ளை! பத்திரிகையில் ஒவ்வொரு வருஷமும் போட்டோ பார்த்திருக்கிறேன், 'வெள்ளைக் கம்பளம் விரித்தது போல்' என்று தவறாமல் எழுதுவார்கள். எனக்கு அது உப்பளம் மாதிரி இருந்தது. கிட்டே போய் டார்ச் அடித்தால் ஒவ்வொரு புல்லுக்கும் ஓரத்தில் பொடி ரம்பம் வைத்தது போல ஐஸ் துகள். வேடிக்கை என்னவென்றால் தம்பியின் கைக்கடிகாரத்தைக் கழற்றி மரக்கிளையில் தொங்கவிட்டுப் பார்த்தால் மூன்று டிகிரி காட்டுகிறது. புல் மட்டும் எப்படி உறைந்தது? தெளிந்த வானத்துக்குத் தரை தன் சூட்டை அள்ளிக் கொடுத்துவிடுகிறது, அதனால் மேலே காற்று மூன்று டிகிரியாக இருக்கும்போதே புல் நுனி பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது வேறு, சரிவில் தண்ணீர் போல வழிந்து பள்ளத்தில் தேங்கும். மேட்டில் இருக்கும் வீட்டுத் தோட்டத்தில் ஒன்றும் இல்லை, கீழே ஜிம்கானாவிலும் கீழ்பூமியிலும் வெள்ளை.

ஆணி டயரை மாட்டினோம். முன்னும் பின்னும் என் வண்டியிலேயே. புல்வெளி ஓரத்து மண்பாதையில் முதல் மிதி. சத்தத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பந்தியில் நூறு பேர் ஒரே நேரத்தில் அப்பளம் நொறுக்கினால் எப்படி இருக்கும், அப்படி. திரும்பிப் பார்த்தால் வெள்ளையில் பச்சையாக ஒரே ஒரு கோடு, இரண்டு பக்கமும் தையல் போட்ட மாதிரிப் புள்ளி புள்ளியாக. நான் சிரித்துக்கொண்டே ஓட்டினேன் என்று தம்பி வீடியோவைக் காட்டித்தான் தெரிந்துகொண்டேன்.

ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டும். உறைபனிப் புல்லில் ஆணி டயருக்கு வேலையே இல்லை. தம்பி தன் சைக்கிளில் சாதா டயரோடு கூடவே வந்தான், ஒரு வழுக்கலும் இல்லை. புல்லின் மேல் இருப்பது துகள், கீழே மண். பிடிமானம் இருக்கத்தான் செய்யும். விழுந்தவன் நான். மண்பாதையிலிருந்து தார் ரோட்டுக்கு ஏறும் இடத்தில், ஆணி தாரில் கறகறவென்று கீச்சிட்டு, வண்டி ஒரு பக்கம் நான் ஒரு பக்கம். ரப்பர் தரையைத் தொட்டால்தானே பிடிக்கும்? இரும்பு முனைகளில் நிற்கிற வண்டி கல்லில் வழுக்கும் என்பது சைக்கிள் கடைக்காரனுக்கு முதலிலேயே உறைத்திருக்க வேண்டும். முழங்கை சிராய்ப்பு, கைலி கிழிசல் (பேன்ட்டுக்கு மேல் குளிருக்காகக் கட்டியிருந்தேன், கேட்காதீர்கள்).

எழுந்து நின்றால் புஸ்ஸென்று ஒரு சத்தம். பின் டயர். வால்வ் பக்கத்து இடைவெளியில் இருந்த அந்த ஒரு ஸ்க்ரூ தலை ட்யூபைக் கடித்துவிட்டது. பரவாயில்லை என்று விட்ட அதே இடம். ஏழு ரோடு பக்கம் ஒரு டீக்கடை வாசலில் உட்கார்ந்து ஒட்டு போட்டேன், பட்டைக்குப் பதிலாகத் துணி பிளாஸ்திரியை மடித்து வைத்தேன். எட்டரை மணிக்கு வெயில் வந்தது. பத்தே நிமிஷத்தில் ஜிம்கானா பச்சையாகிவிட்டது.

ஜனவரி 11, நான்காம் நாள்

இன்றைக்கு மன்னவனூர். ஏரிச்சாலையிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர். அப்சர்வேட்டரி ஏற்றத்தில் முதல் ஓய்வு. 1909-இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை இங்கிருந்துதான் கண்டுபிடித்தார். சூரியனைப் பார்க்க இவ்வளவு குளிரில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். தெளிந்த வானம்தான் காரணம், நமக்கும் அதே தெளிந்த வானம்தான் வேண்டும்.

பூம்பாறை வரைக்கும் வழி சுகம். மேலிருந்து பார்த்தால் படிப்படியாகப் பாத்திகள், நடுவில் நெருக்கமாக ஓட்டு வீடுகள். குழந்தை வேலப்பர் கோயிலில் சாமி கும்பிட்டோம். சிலை போகர் செய்தது என்று ஊரில் சொல்வார்கள். கோயிலுக்கு எதிரில் ஒரு பெரியவர் மலைப்பூண்டு கட்டிக்கொண்டிருந்தார், 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு. உறைபனி பார்க்க வந்தோம் என்று தம்பி உற்சாகமாகச் சொல்ல, அவர் நிமிர்ந்து, "நீங்க பாக்க வர்றீங்க தம்பி. எங்களுக்கு அது வந்தா உருளைக்கிழங்குச் செடி ஒரே ராத்திரியில கருகிப் போயிடும், பீன்ஸும் போயிடும். கேரட்டும் பூண்டும்தான் தாக்குப் பிடிக்கும்" என்றார். நாங்கள் அதற்கப்புறம் குரலைக் கொஞ்சம் இறக்கிப் பேசினோம். அரைக் கிலோ பூண்டும் வாங்கிக்கொண்டோம்.

மன்னவனூர் புல்வெளியை நான் வர்ணிக்கப் போவதில்லை, போட்டோ எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஆட்டுப் பண்ணை, முயல், பரிசல் எல்லாம் நாளைக்கு நேரமிருந்தால். தங்கின வீட்டுக்குப் பின்னால் ஒரு காரைக் களம் இருந்தது. பள்ளத்தில் இருந்தது, நாலு பக்கமும் திறந்த வானம். தம்பி அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். டூடர் ஐஸ் வருவதற்கு முன்னால் நம் நாட்டில் ஐஸ் எப்படிச் செய்தார்கள் என்று தெரியுமா என்றான். அலகாபாத் பக்கம் குளிர்கால ராத்திரியில் வைக்கோலைப் பரப்பி, அதன் மேல் அகலமான மண் தட்டுகளில் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். கீழேயிருந்து மண்ணின் சூடு ஏறாமல் வைக்கோல் தடுக்கும், மேலே வானத்துக்குச் சூடு போய்க்கொண்டே இருக்கும், விடிவதற்குள் ஐஸ். ராபர்ட் பார்க்கர் என்ற வெள்ளைக்காரர் இதை 1775-லேயே எழுதி வைத்திருக்கிறார். "ஏரி உறையலன்னா நாம உறைய வைப்போம்ணே."

வீட்டுக்காரர் கொடுத்த சாக்குகளைக் களத்தில் அடுக்கி, மேலே தார்ப்பாய் விரித்து, ஓரங்களுக்குக் கட்டை வைத்து, ஒரு மெல்லிய விரல் கனத்தில் பாதிக்குக் கூட வராத அளவு தண்ணீர் ஊற்றினோம். எட்டடி நீளம், மூன்றடி அகலம். உலகத்திலேயே சின்ன ஏரி. வீட்டுக்கார அம்மா அடுப்படியிலிருந்து பார்த்துவிட்டு, "தண்ணிய ஏன் வீணாக்குறாங்க?" என்று கேட்டார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

படுப்பதற்கு முன் தம்பி தன் போனில் பதிந்து வைத்த ஒரு சத்தத்தைப் போட்டுக் காட்டினான். ராத்திரி குளிர் ஏறும்போது ஏரி ஐஸ் சுருங்கி வெடிக்கிற சத்தம். வெடிச்சத்தம் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். 'ப்யூவ்வ்' என்று மேலிருந்து கீழே இறங்கும், கம்பியை இழுத்துத் தட்டிவிட்ட மாதிரி. ஐஸ் தகட்டில் கீச்சு ஒலி வேகமாக ஓடும், கட்டை ஒலி மெதுவாக வரும், அதனால் தூரத்தில் நிற்கிறவன் காதுக்கு முதலில் கீச்சு, அப்புறம் கட்டை. முதல் தடவை கேட்டபோது ஏரி தன்னைத் திட்டுகிறது என்று நினைத்தானாம். பயப்பட வேண்டாம், கனமான ஐஸும் சத்தம் போடும் என்று கூட வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

ஜனவரி 12, ஐந்தாம் நாள்

ஐந்தே கால். களம் வெள்ளைப் புல்லுக்கு நடுவில் கறுப்பாகத் தெரிந்தது. உறையவில்லை போல என்று மனசு விழுந்துவிட்டது. கிட்டே போய் விரலால் தொட்டேன். கெட்டி! கறுப்பு ஐஸ், அடியில் தார்ப்பாயின் நீலம் தெரிகிறது. ஓரத்தில் ஒரு சில்லு எடுத்துத் தம்பி அளந்தான், மூன்று மில்லிமீட்டர். நாலு இஞ்ச் என்றால் நூறு மில்லிமீட்டர் சொச்சம். நம் ஏரிக்கு அடியில் முங்கிப் போக இடம் இல்லையென்பதால் துணிந்து இறங்கலாம்.

முதலில் தம்பி சாதா டயரில். முன் சக்கரம் ஐஸில் ஏறிய மறுகணமே பக்கவாட்டில் போய், ஆள் சாக்கு மேல் பொத்தென்று உட்கார்ந்தான். மினசோட்டாக்காரன்!

அப்புறம் நான். முன் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினேன். நேராகப் பார், திருப்பாதே, பிரேக் தொடாதே. ஏறினேன். நொறுங்குகிற சத்தத்தைத்தான் எதிர்பார்த்தேன், முதல் கணம் அது வரவில்லை. 'டிர்ர்ர்' என்று சின்னதாக, தையல் மிஷின் ஓடுகிற மாதிரி, ஆணிகள் ஒவ்வொன்றாக ஐஸைக் கடிக்கிற சத்தம், ஹேண்டில் வழியாகக் கைக்கும் ஏறுகிறது. வண்டி தண்டவாளத்தில் போவது போல் நேராகப் போனது. ஒரு அடி, இரண்டு அடி, மூன்று. அதற்குள் சாக்கு அமுங்கி ஐஸ் நட்சத்திரமாக விரிசல் விட்டு, மிச்ச ஐந்தடியும் வெறும் கண்ணாடிச் சில்லுதான்.

மூன்றடி. தம்பியிடம் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். வீட்டுக்கார அம்மா இந்தத் தடவை வெளியே வந்தே பார்த்தார், சில்லு ஒன்றை எடுத்துப் பேரன் கையில் கொடுத்தார், அவன் அதை வாயில் போட்டுக்கொண்டான்.

ஆட்டுப் பண்ணைக்கு நேரம் இல்லாமல் போய்விட்டது. மதியம் கொடைக்கானல், சாயங்காலம் பிரேக் கட்டை தேயத் தேய இறங்கி ஏழரைக்கு வத்தலக்குண்டு. கையுறை, குல்லாய், கைலி எல்லாம் பையில். கடைத்தெருவில் கரும்பு இறங்கியிருந்தது.

பிப்ரவரி 3, கூடுதலாகக் கொஞ்சம்

பொங்கல் முடிந்து தம்பி கிளம்பும்போது ஆணி டயர்கள் இரண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டான். அங்கே அவனிடம் பழைய 26 இஞ்ச் வண்டி ஒன்று இருக்கிறது. சித்தி பெட்டியில் வைத்திருந்த இரண்டு கிலோ முறுக்கை எடுத்துவிட்டுத்தான் டயருக்கு இடம் பண்ண முடிந்தது, அதற்கு நான்தான் பேச்சு வாங்கினேன்.

நேற்று ராத்திரி வீடியோ வந்தது. அதே ஏரி, தூரத்தில் தூண்டில் போடுகிறவர்களின் குட்டிக் குடில்கள், பக்கத்திலேயே லாரி மாதிரி ஒரு வண்டி. நடுவில் என் டயர் ஓடுகிறது. அதே 'டிர்ர்ர்', மூன்றடியில் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது, நாலு நிமிஷம் அவன் ஒன்றுமே பேசவில்லை. நான் மூன்று தடவை பார்த்தேன். வீட்டில் இருப்பவர்களையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

காலையில் ஒரு மெசேஜ்: "அண்ணே, மைனஸ் 18. கரைக்கு இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும்போது பின் டயர் பஞ்சர். வால்வ் பக்கம்."